பெயர் கொடுக்காத தலைவிகள்: செட்டிநாட்டுச் சங்கம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களே தொடங்கி, சம்பளம் இல்லாமல் அவர்களே நடத்தும் ஒரு சிறிய சங்கத்தைப் பற்றிய ஆய்வு இது. சங்கம் செட்டிநாட்டில் இருக்கிறது. எந்த ஊர், யார் யார் என்று சொல்லப்போவதில்லை. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்களில் நடந்தவற்றை ஒன்றாகச் சேர்த்தும் எழுதியிருக்கிறேன். சட்டம், நீதிமன்ற உத்தரவு, அரசு நடைமுறை பற்றி வருபவை மட்டும் உள்ளது உள்ளபடியே.

இப்படிப்பட்ட சங்கத்தின் தலைவியிடம் அதிகாரி, பத்திரிகைக்காரர், நன்கொடையாளர் என எல்லாரும் முதலில் கேட்பது பெயர், போட்டோ, கையெழுத்து. அந்த மூன்றையும் கொடுத்தால் அவருடைய வீடும் பிள்ளைகளின் படிப்பும் ஆட்டம் காணும். கொடுக்காமல் ஒரு சங்கத்தை நடத்த முடியுமா? முடியும் என்பதை இந்தப் பெண்கள் காட்டியிருக்கிறார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஊரும் பிழைப்பும்

செட்டிநாட்டில் இதற்கென்று தனித் தெரு கிடையாது. தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் கிடையாது. தொழிலில் இருக்கும் பெண் எல்லாரும் குடியிருக்கும் தெருவில்தான் குடியிருக்கிறார். காலையில் புதுவயல் பக்கம் அரிசி ஆலைக்குப் போகிறார். இல்லையென்றால், ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டைக் கல்யாணத்துக்காகத் திறக்கும்போது கூட்டித் துடைக்கப் போகிறார், சமையல் கான்ட்ராக்டரிடம் காய் நறுக்கப் போகிறார். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வேலை நின்றுவிடும். குழுக்கடன் தவணை நிற்காது. அப்போது வாடிக்கையாளரின் போன் வந்தால் போகிறார். இது வீட்டில் அம்மாவுக்குத் தெரியாது, பிள்ளைக்குத் தெரியாது, பல சமயம் கணவனுக்கும் தெரியாது.

இதைப் புரிந்துகொள்ளாமல் வெளியூர் மாதிரிகளை இங்கே கொண்டுவர முடியாது. கொல்கத்தாவின் சோனாகாச்சியில் பாலியல் தொழிலாளர்களின் துர்பார் அமைப்பு 1995 முதல் இயங்குகிறது. மகாராஷ்டிரத்தின் சாங்லியில் வேம்ப் என்ற கூட்டமைப்பு 1996-ல் உருவானது. இரண்டும் பெரிய சாதனைகள். ஆனால் அங்கே பெண்கள் ஒரே பகுதியில் சேர்ந்து வாழ்கிறார்கள். ஊருக்கு அவர்களைத் தெரியும். ஊர்வலம் போனால் ஏற்கெனவே தெரிந்த முகங்கள்தான் வெளியே வருகின்றன. இங்கே ஊர்வலத்தில் முகம் காட்டினால், அன்றைக்குத்தான் ஊருக்கே தெரியவரும்.

சங்கம் தொடங்கியது

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. ஆலை, கல்யாணம், போன் எல்லாம் ஒரே நாளில் நின்றன. தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருந்த குடும்பங்களுக்கு ஆயிரம் ரூபாயும் இலவச அரிசியும் கிடைத்தன. இந்தப் பெண்களில் பலருக்குத் தங்கள் பெயரில் அட்டையே இல்லை. கணவனை விட்டு வந்தவர்களின் பெயர் இன்னும் மாமியார் ஊர் அட்டையில் இருந்தது. அங்கிருந்து பெயரை நீக்கினால்தான் இங்கே புது அட்டை கிடைக்கும். அதற்கு அந்த வீட்டுக்குப் போய் நிற்க வேண்டும்.

எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தில் 'பீர்' ஆக வேலை பார்த்த ஒரு பெண்தான் முதலில் அரிசி திரட்டத் தொடங்கினார். பீர் என்றால், தொழிலில் இருந்துகொண்டே சக பெண்களுக்கு ஆணுறை கொடுத்து, பரிசோதனைக்குக் கூட்டிப்போகும் களப்பணியாளர். ஒரு பீருக்கு ஏறத்தாழ அறுபது பெண்கள் என்பது திட்டத்தின் கணக்கு. யார் எந்தச் சந்தில் இருக்கிறார், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அவரும் இன்னும் ஆறு பேரும் கடைகளில் கேட்டு, தெரிந்த ஆச்சி ஒருவரிடம் கேட்டு, பைகளைக் கட்டி இருட்டிய பிறகு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 29-ல், அடையாளச் சான்று கேட்காமல் பாலியல் தொழிலாளர்களுக்கு உலர் ரேஷன் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குள் இந்த ஏழு பேர் ஐந்து மாதம் ஓட்டிவிட்டார்கள்.

சங்கமாகப் பதிவு செய்யலாம் என்ற யோசனை அப்புறம் வந்தது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஏழு பேர் இருந்தார்கள். ஆனால் விண்ணப்பத்தில் நிர்வாகிகளின் பெயர், முகவரி, தொழில் மூன்றையும் எழுத வேண்டும். அந்த வரிசையில் மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. கடைசியில் ஆலைக்கூலி, வீட்டு வேலை, சமையல் உதவி என்று எழுதினார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த வேலைகளையும் அவர்கள் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

தலைவி என்ன செய்கிறார்

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இதை விழிப்புணர்வுக் கூட்டம், மருத்துவ முகாம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் பாதி நாள் காகிதத்தில் போகிறது.

ஆதாரையே எடுத்துக்கொள்ளுங்கள். இருப்பிடச் சான்று இல்லாத பாலியல் தொழிலாளர்களுக்கு, மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநரோ தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கெசட்டட் அதிகாரியோ தரும் சான்றிதழை வைத்து ஆதார் வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொன்னது. தொழில் எதிலும் வெளிப்படக் கூடாது என்றும் சொன்னது. நல்ல உத்தரவு. ஆனால் அந்த வழியில் போக, எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தின் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பட்டியலுக்கே பயப்படும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத் தலைவி வேறு வழி பிடித்தார். வார்டு கவுன்சிலரும் ஆதார் ஆணையத்தின் படிவத்தில் கையெழுத்திட்டு முகவரிச் சான்று தரலாம். "வாடகை வீட்டுல இருக்கா, அக்ரிமெண்ட் போட்டுத் தரமாட்டேங்குறாக" என்று மட்டும் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். ஆதார் வந்தபின் வங்கிக் கணக்கு, பிறகு பழைய அட்டையில் பெயர் நீக்கம், பிறகு புது ரேஷன் அட்டை. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, புது அட்டை வாங்கிய பெண்களில் பலர் விண்ணப்பிக்க முடிந்தது. மாதம் ஆயிரம் ரூபாய். ஆடி மாதத்தில் அந்த ஆயிரம் கையில் இருந்தால் ஒரு பெண்ணால் ஒரு போனுக்கு 'வரலை' என்று சொல்ல முடிகிறது. இதை எந்தத் திட்ட அறிக்கையும் கணக்கில் எடுப்பதில்லை.

மீதிப் பாதி இரவில். ஒரு நாள் பதினோரு மணிக்குப் போன். ஒரு பெண்ணை அடித்து, காதோரம் கிழித்து, புறவழிச் சாலையில் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். தலைவி ஆட்டோ பிடித்துப் போய் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார்.

"இவங்க என்ன வேலை பாக்குறாங்க?"

"அதுக்கும் காயத்துக்கும் என்ன சிஸ்டர் சம்பந்தம்? ரத்தம் நிக்கல. மொதல்ல அதப் பாருங்க."

"நீங்க யாரு அவங்களுக்கு?"

"அக்கா."

தையல் போட்டார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான யாருக்கும் மருத்துவமனை உடனே இலவசமாகச் சிகிச்சை தந்தாக வேண்டும் என்பது சட்டம். பாலியல் தொழிலாளிக்கும் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தனியாகவே சொல்லியிருக்கிறது. தலைவிக்கு அந்தப் பிரிவு எண் தெரியாது. கேட்கக் கூடாத கேள்வி எது என்று தெரியும். விடிந்ததும் அவர் ஆலைக்குப் போகவில்லை. ஒரு நாள் கூலி போனது. ஆட்டோக் காசும் அவருடையதுதான்.

இந்த இடத்தில் நிறுத்திச் சொல்ல வேண்டும். தன்னார்வம் என்ற பெயரில் இந்தப் பெண்களிடமிருந்து நாம் வாங்கிக்கொண்டிருப்பது நாட்கூலிக்காரர்களின் கூலி. மருத்துவர் ஒரு மாலை நேரத்தை இலவசமாகக் கொடுத்தால் அவர் வீட்டில் உலை நிற்காது. இவர் கொடுத்தால் நிற்கும், அல்லது அதை ஈடுகட்ட அன்று மாலை இன்னொரு போனை எடுக்க வேண்டியிருக்கும். மற்ற பெண்களைப் பாதுகாக்க ஒருத்தி தன் பாதுகாப்பைக் குறைத்துக்கொள்கிறாள். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இன்னொரு வேலையும் உண்டு. பதினெட்டு வயது ஆகாத பெண்ணை யாராவது கொண்டுவந்தால் சங்கம் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தகவல் சொல்லும். அதில் பேச்சே இல்லை. ஒரு முறை அப்படிச் செய்ததற்காகப் புரோக்கர் ஒருவன் வீட்டு வாசலில் வந்து கத்திவிட்டுப் போனான். தலைவி அந்த வாரம் வேறு ஊரில் தங்கச்சி வீட்டில் இருந்தார்.

மேடை

இந்தப் பெண்களுக்குத் தொடக்கத்தில் சிறிய தொகை தந்துகொண்டிருந்தது வேறு ஊரில் உள்ள ஒரு பெரிய தொண்டு நிறுவனம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2020 செப்டம்பரில் திருத்தப்பட்டது. வெளிநாட்டுப் பணம் வாங்கும் நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்றானது. அந்தத் தொகை நின்றது. இந்தியா முழுக்க இப்படிப்பட்ட சிறிய குழுக்களுக்கு இது பெரிய அடி.

பின்னர் ஒரு தனியார் கம்பெனி சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து தர முன்வந்தது. மகளிர் தின விழாவில் மேடையில் காசோலை தருவார்கள், தலைவி வந்து வாங்க வேண்டும். போட்டோ எடுக்க மாட்டோம் என்று உறுதி சொன்னார்கள். குழுவில் இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். வாடகை பாக்கி இருந்தது. தலைவி போனார்.

பார்வையாளர் ஒருவர் செல்போனில் எடுத்த படம் அன்று மாலையே உள்ளூர் வாட்ஸ்அப் குழுக்களில் வந்தது, எந்தச் சங்கம் என்ற விவரத்தோடு. தலைவி குடியிருந்தது ஒரு பழைய வளவு வீட்டின் பின்கட்டில். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் மறுநாள் வந்தார். அவர் கெட்டவர் இல்லை. "வீட்டுக்காரவுக போன் பண்ணிட்டாகத்தா. இந்த மாசத்தோட காலி பண்ணிரு" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தேர்வை எழுதினாள், ஆனால் அத்தை வீட்டிலிருந்து போய் எழுதினாள். குழுவில் மூன்று பேர் போனை அணைத்துவிட்டார்கள். அலுவலகமாக இருந்த ஒற்றை அறை சில மாதம் பூட்டிக் கிடந்தது. காசோலை மட்டும் கணக்கில் ஏறியிருந்தது.

கம்பெனிக்காரர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். அவர்கள் எண்ணத்தில் தவறு இல்லை என்றே நம்புகிறேன். ஆனால் கொடுப்பதற்குச் சாட்சியாக ஒரு முகம் வேண்டும் என்று எதிர்பார்த்த அன்றே இது நடக்கத் தொடங்கிவிட்டது.

மறுபடி கட்டியது

பூட்டைத் திறந்தவர் பழைய தலைவி இல்லை, பொருளாளராக இருந்த பெண். எழுதப் படிக்கத் தடுமாறுவார், கணக்கு மனதில் நிற்கும். "அவுகளுக்கு ஆனது நமக்கும் ஆகும். ஆகாத மாதிரி செஞ்சா நடத்துவோம், இல்லாட்டி மூடிருவோம்" என்றார்.

செய்த மாற்றங்களில் பெரியது இது. பதிவேட்டில் நிர்வாகிகளாக ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், ஒரு வழக்கறிஞர், தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண் என்று வெளியாட்கள் வந்தார்கள். சங்கத்துக்கு வருபவர்களில் பாதிப்பேர் தொழிலில் இல்லாத பெண்கள்தான் என்ற நிலையும் மெல்ல உருவானது. வீட்டு வேலைக்காரர்கள், ஆலைப் பெண்கள் எல்லாரும் ஆதார், அட்டை வேலைக்கு வந்தார்கள். ஒரு பெண் அந்தப் படியேறினால் ஊர் எதையும் ஊகிக்க முடியாது. முடிவெடுப்பது மட்டும் தொழிலில் இருக்கும் ஐந்து பெண்களின் குழு. துணை விதிகளில் அதை 'ஆலோசனைக் குழு' என்று எழுதி, அதன் ஒப்புதல் இல்லாமல் பணம் எடுக்கக் கூடாது, யாரையும் எந்தக் கூட்டத்துக்கும் அனுப்பக் கூடாது என்று சேர்த்தார்கள். ஐவரும் ஆண்டுக்கு ஒருமுறை சுழற்சியில் மாறுவார்கள்.

இது சுலபமாக நடந்தது என்று எழுதினால் பொய். முதல் ஆண்டிலேயே சிக்கல் வந்தது. வெளியாள் நிர்வாகி ஒருவர் நல்ல எண்ணத்தோடுதான் தையல் பயிற்சிக்கு ஒரு திட்டம் எழுதி அனுப்பிவிட்டார், ஐவரிடம் கேட்காமல். 'மறுவாழ்வு' என்று அதில் எழுதியிருந்தார். ஐவர் குழு அதைத் திருப்பி வாங்கச் சொன்னது. "தையல் தெரிஞ்சவ எங்கள்ல நாலு பேரு இருக்கா மேடம். தச்சுக் கிடைக்கிறது வாடகைக்குப் பத்தாதுன்னுதான் இங்க நிக்கிறா. மொதல்ல எங்ககிட்டக் கேளுங்க" என்று ஒருவர் சொன்னார். அந்த நிர்வாகி கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் வரவில்லை. பிறகு வந்தார். இப்போது வங்கிக்குப் போவதற்கு முன் குழு நோட்டில் ஐந்து கைரேகை அல்லது கையெழுத்து இருக்கிறதா என்று முதலில் பார்ப்பவர் அவர்தான்.

முகத்தை வெளியாளிடம் கொடுத்தால் அதிகாரமும் கூடவே போய்விடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. விதியில் எழுதி, பணத்தோடு கட்டி வைத்ததால்தான் இங்கே அது நின்றது என்பது என் கணிப்பு. வாய்வார்த்தையில் விட்டிருந்தால் ஓராண்டில் இது இன்னொரு தையல் பயிற்சி மையமாகியிருக்கும்.

இரண்டாவது மாற்றம் கூலி. இரவு அழைப்புக்கோ மருத்துவமனைக்கோ காவல் நிலையத்துக்கோ போனால், போனவருக்கு அன்றைய ஆலைக்கூலிக்குச் சமமான தொகையும் ஆட்டோக் காசும் உண்டு. கம்பெனி கொடுத்த அந்தக் காசோலையின் பெரும்பகுதி இதற்குத்தான் போனது. இரவுப் போனும் முறை வைத்து மாறுகிறது. ஒரே பெண் ஆண்டு முழுக்கத் தூங்காமல் கிடக்கும் நிலை இல்லை.

பெண்களைச் சேமிக்க வைக்கவும் நினைத்தார்கள். அதில் பொருளாளருக்கு ஒரு பயம் இருந்தது, அது நியாயமான பயம். 1956-ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான கடத்தல் தடுப்புச் சட்டத்தில் 4-ஆம் பிரிவு, இன்னொருவர் இந்தத் தொழிலில் ஈட்டும் வருமானத்தில் தெரிந்தே வாழும் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் இரண்டாண்டு வரை சிறை என்கிறது. வயதான அம்மா, வளர்ந்த மகன்கூட இதில் மாட்டலாம். பெண்களிடம் சந்தா வாங்கிப் பொதுவில் வைத்தால் தன்மேல் வழக்கு வருமோ என்று அவர் கேட்டார். வழக்கறிஞர் யோசித்து, பொதுப் பணமே வேண்டாம் என்றார். ஒவ்வொருவரும் அஞ்சலகத்தில் தன் பெயரில் தொடர் வைப்புக் கணக்கு தொடங்கினார்கள், மாதம் நூறு ரூபாயிலிருந்து. சங்கம் நினைவூட்டும், அவ்வளவுதான்.

சட்டத்தைத் தலைவி எப்படிப் பிடித்துக்கொள்கிறார்

2022 மே 19-ல் புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவை, 'பாலியல் தொழில் இனி குற்றமல்ல' என்று பல செய்திகள் எழுதின. நம்பிப் போன பெண்கள் சிரமப்பட்டார்கள். நீதிமன்றம் அமைத்த குழு பத்துப் பரிந்துரைகள் தந்தது. ஆறை மத்திய அரசு ஏற்றது, அவற்றைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த நீதிமன்றம் உத்தரவிட்டது. வன்முறைக்கு உடனடி மருத்துவ உதவி, காப்பகங்களில் விருப்பமின்றி அடைக்கப்பட்டவர்களைப் பற்றிய கணக்கெடுப்பு, காவல்துறையின் மரியாதையான நடத்தை, ஊடகங்கள் அடையாளத்தை வெளியிடாமை, ஆணுறையைக் குற்றத்துக்குச் சாட்சியாகக் காட்டாமை, சட்டப் பணிகள் ஆணையம் மூலம் பயிலரங்கு ஆகியவை அந்த ஆறு.

மீதி நான்கில் அரசு தயக்கம் தெரிவித்தது. விருப்பத்தோடு இருக்கும் வயதுவந்த பெண்ணிடம் போலீஸ் தலையிடக் கூடாது என்பதும், ரெய்டில் பெண்களைக் கைது செய்யக் கூடாது என்பதும், தாயையும் பிள்ளையையும் பிரிக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கின்றன. நான்காவது, இந்தப் பெண்களைப் பற்றிய கொள்கை முடிவுகளில் அவர்களையோ அவர்களின் பிரதிநிதிகளையோ சேர்க்க வேண்டும் என்பது. இந்த ஆய்வில் வரும் பெண்களுக்கு மிக முக்கியமான பரிந்துரை அதுதான், அதுவே கிடப்பில் இருக்கிறது.

1956-ஆம் ஆண்டின் பழைய சட்டம் அப்படியே இருக்கிறது. 7-ஆம் பிரிவின்படி வழிபாட்டுத் தலம், கல்வி நிலையம், மருத்துவமனை போன்றவற்றிலிருந்து இருநூறு மீட்டருக்குள் என்றால் பெண்ணுக்கே மூன்று மாதம் வரை சிறை. காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஒரு கோயிலும் பள்ளிக்கூடமும் இல்லாத இருநூறு மீட்டரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

அதனால் சங்கம் பெண்களுக்குச் சொல்லித் தருவது சுருக்கமானது. சோதனைக்கு வரும்போது இரண்டு பெண் காவலர்களாவது இருக்க வேண்டும். விசாரிப்பது பெண் காவலராக இருக்க வேண்டும். பையில் ஆணுறை இருப்பது குற்றமில்லை. முகத்தைப் படம் எடுத்தால், ஊடகங்கள் அதை வெளியிடக் கூடாது என்று உத்தரவு இருக்கிறது எனச் சொல்லுங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100. ஒரு முறை, லாட்ஜில் பிடிபட்ட மூன்று பெண்களுக்காக வழக்கறிஞர் போனபோது, வாசலில் செல்போனோடு நின்றவர்களைப் பெண் உதவி ஆய்வாளர் ஒருவரே விரட்டிவிட்டார். இரண்டு மாதம் முன்பு சங்கம் அந்த உத்தரவின் தமிழ்ச் சுருக்கத்தை நிலையத்தில் கொடுத்திருந்தது. கொடுத்தது செவிலியர் அம்மா. எழுதச் சொன்னது ஐவர் குழு.

மருத்துவத் திட்டத்தோடு உறவு

1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலா செல்லப்பனும் இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதன்முதலில் கண்டறிந்தது, சென்னையில் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களின் ரத்தத்தில். மருத்துவத்துக்குப் பெரிய திருப்பம். அதன் பிறகு வந்த திட்டங்களும் பணமும் இந்தப் பெண்களை நோய்த் தடுப்பின் வழியாகத்தான் பார்த்தன. அதனால் கிடைத்த நன்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையமும், மூன்று மாதத்துக்கொரு உடல் பரிசோதனையும், எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்தும் உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் கழுத்துவலி, ரத்தசோகை, குடி, தூக்கமின்மை, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் எதற்கும் அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. சங்கத்தின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

இன்னும் தீராதவை

போன் ஆப் வழியாகத் தொழிலுக்கு வரும் இளம் பெண்கள் சங்கத்துக்கு வருவதில்லை. அவர்களுக்குப் பீரையும் தெரியாது, அந்த அறையையும் தெரியாது. ஐவர் குழுவில் முப்பது வயதுக்குக் கீழே ஒருவராவது வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

பழைய தலைவி இப்போது வேறு ஊரில் இருக்கிறார். ஆண்டுக் கூட்டத்துக்கு வருகிறார், பதவி எதுவும் வேண்டாம் என்கிறார். அவருக்கு நேர்ந்த இழப்புக்குச் சங்கம் ஈடு எதுவும் கொடுக்கவில்லை, கொடுக்கப் பணமும் இல்லை. அடுத்த நிதிக்கு விண்ணப்பிக்கும்போது, பொறுப்பில் இருக்கும் பெண் அம்பலப்பட்டால் வீடு மாற, மூன்று மாத வாடகை கொடுக்க ஒரு தனித் தொகை கேட்கப்போகிறார்கள். நன்கொடையாளர்கள் இதை 'நிர்வாகச் செலவு' என்று வெட்டுவார்கள் என்று செவிலியர் அம்மா எச்சரித்திருக்கிறார். ஐவரும் அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை. அந்தத் தொகை இல்லாமல் அடுத்த சுழற்சியில் யாரும் பொறுப்பேற்கத் தேவையில்லை என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்கும் ஒரு கடிதம் தயாராகிறது. உச்ச நீதிமன்றம் சொன்ன பயிலரங்கைத் தொழிலில் இருக்கும் பெண்களுக்கு மட்டும் என்று அறிவிக்காமல், அமைப்புசாராப் பெண் தொழிலாளர்கள் எல்லாருக்கும் என்று அறிவித்து நடத்துங்கள், வருகைப் பதிவேட்டில் தொழில் என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள் என்பது கோரிக்கை. கையெழுத்து வெளியாள் நிர்வாகிகளுடையது.